வாடகை மாமியார் வசனம்

நவம்பர் 6, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். உறையூரில் எங்கள் தெருவே வாசலில் நின்றது. எதிர்வீட்டு அம்மாள் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டாள். பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, மூன்று வாரமாக முனகலைத் தவிர வேறு சத்தம் வராத மனிதர், கோணிய வாயை மெல்லத் திறந்து தெளிவாகச் சொன்னார்:

“நடந்து வருதுங்க.”

தெரு சிரித்தது. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மகள் நிறைமதி, “அப்பா பேசிட்டாரும்மா” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. முதல் வார்த்தை என் பெயராக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மகள் பெயராக இருந்திருக்கலாம். ‘தண்ணி’ என்றாவது இருந்திருக்கலாம். வந்தது ஒரு மட்டமான சினிமாவின் மட்டமான வசனம்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கப்போகும் ஜெசிந்தா என்ற பெண், இவர் வாயில் தினமும் என்ன வருகிறது என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். அவளுக்குத் தனித் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். இது எனக்கு.

நவம்பர் 8, புதன்

அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டியிருப்பதே கேவலம். எழுதித் தொலைக்கிறேன்.

பெயர் ‘வாடகை மாமியார்’. வந்தபோது ஒரு வாரம்கூட ஓடவில்லை. அதுதான் அதற்குக் கிடைத்த சரியான மரியாதை. பிறகு டிவியில் மத்தியான நேரத்தில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அப்புறம் போனில் துண்டு துண்டாக வந்தது. இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அதன் வசனம் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கதை இவ்வளவுதான்: குண்டூசி என்று ஒரு தறுதலை, பணக்கார வீட்டில் பெண் எடுத்ததாக ஊரில் பொய் சொல்லிவிடுகிறான். மாமியாரைக் காட்டு என்கிறார்கள். இட்லிக்கடை நடத்தும் ஒரு தடித்த பெண்பிள்ளையை மாமியாராக வாடகைக்கு எடுக்கிறான். வந்தவள் போக மாட்டேன் என்கிறாள். மாமியார் “எங்கடா என் காபி?” என்று கத்துவாள். குண்டூசி, “நடந்து வருதுங்க” என்பான். இதற்குத்தான் தமிழ்நாடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

நான் வானொலியில் செய்தி வாசித்தவள். ‘பேச்சுவார்த்தை நடந்து வருகிறது’, ‘மீட்புப் பணி நடந்து வருகிறது’ என்று எத்தனையோ காலைப் பொழுதுகளில் பிசிறில்லாமல் சொல்லியிருக்கிறேன். அந்த நல்ல தமிழை எடுத்துக் காபிக்குக் கால் வைத்து நடக்க விட்டிருக்கிறான் ஒருவன். கடையில் ஒயர் எப்போது வரும் என்று யார் கேட்டாலும் இவர் இதைத்தான் சொல்வார். சாலை ரோட்டில் ‘தாயு எலக்ட்ரிகல்ஸ்’ என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘நடந்து வருது கடை’ என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விடுவார்கள். என் கணவரின் முழுப் பெயர் தாயுமானவன். மலைக்கோட்டைச் சாமியின் பெயர். அதை யார் சொல்கிறார்கள்?

நவம்பர் 11, சனி

ஜெசிந்தா வந்தாள். சின்னப் பெண், ‘ழ’ சுத்தமாக வருகிறது. சீப்புப் படத்தைக் காட்டி இது என்ன என்றாள். “நடந்து வருதுங்க.” குடை. “நடந்து வருதுங்க.” என் பக்கம் கையைக் காட்டி, “இவங்க யாரு சார்?” என்றாள். இவர் என்னையே பார்த்தார். உதடு ஏதோ செய்யப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போதும் அதேதான் வந்தது.

“சாருக்குப் பேச்சு அழிஞ்சு போகல மேடம். வழிதான் அடைச்சிருக்கு. சிலருக்கு மனப்பாடமா இருக்கிறது மட்டும் வேற வழியா வந்துரும். பாட்டு, சாமி பாட்டு, கெட்ட வார்த்தைகூட. அத வச்சுத்தான் மத்ததை இழுக்கணும். சாமி பாட்டு ஏதாச்சும் தெரியுமா சாருக்கு?”

“சாமி சந்நிதியில சுண்டல் எங்க குடுக்கறாங்கன்னு தெரியும்” என்றேன்.

“அப்ப அந்தப் படத்துலேருந்தே ஆரம்பிச்சுருவோம்.” வெட்கமே இல்லாமல் சொன்னாள். அவளுக்கும் அதில் பாதி வசனம் தெரிகிறது. படித்த பெண்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய்க் குளியல் இல்லை. இவருக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, விழுந்த கை சட்டைக்குள் நுழையாததால் புதுச்சட்டையைத் தோளில் மட்டும் போட்டு எடுத்தேன்.

மகள் ஓசூருக்குக் கிளம்பும் முன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். “அந்த வீட்ட என்னம்மா பண்ணப் போற?”

இதை எழுதாமல் இருப்பதில் அர்த்தமில்லை. திருவானைக்காவில் மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும். தை பிறந்ததும் போய்விடுவதாக இருந்தேன். அடி உதை இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. நல்ல மனிதர் என்றுதான் ஊரே சொல்கிறது. ஆனால் இந்த வீட்டில் டிவி ஓயாது, கூட்டாளிகள் ஓயமாட்டார்கள், சிரிப்பு ஓயாது. நான் ஏதாவது மனது விட்டுச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே ஒரு வசனம் வந்து விழும். ஒரு வாக்கியத்தை முழுதாக யோசித்து முடிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. ஐப்பசி முடிவதற்குள் இவரிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

“பதில் பேச முடியாதவர்கிட்ட எப்படிடி சொல்றது?” என்றேன் மகளிடம். “அது நியாயமில்ல. பேச்சு வரட்டும். சொல்லிட்டு, அவர் சொல்றதையும் கேட்டுட்டுப் போறேன்.”

ஆகவே இவருக்குப் பேச்சு வர வேண்டும். வந்தால்தான் நான் போக முடியும்.

நவம்பர் 20, திங்கள்

கடைக்குப் பக்கத்து டயர் கடைக் கமாலுதீன் பாய் தினமும் வருகிறார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் துண்டை எடுத்து முந்தானையாகப் போட்டுக்கொண்டு மாமியார் ஆகிவிடுகிறார். ஹாஜியார் வேறு.

“நீ மனுசனாடா?” என்று மூக்கால் கேட்கிறார்.

இவர் கொஞ்சம் திணறி, “சனி ஞாயிறு மட்டுங்க” என்கிறார்.

“நான் யாருன்னு தெரியுமாடா?”

“தெரியாமத்தாங்க வாடகை குடுக்கறேன்.”

இருவரும் சிரித்து, இவருக்குப் புரையேறி, நான் ஓடிவந்து முதுகைத் தடவ வேண்டியிருந்தது. ஜெசிந்தா கைதட்டுகிறாள். முழு வாக்கியம் வருகிறதாம். வருகிறதுதான். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வரவில்லை. நாக்குழறும் வாயிலிருந்து இந்தக் குப்பை மட்டும் பளிச்சென்று வருகிறது.

“தங்கச்சி, ஒரு வாட்டி நீங்களும் உக்காந்து பாருங்க. சோலி கெடக்கட்டும்” என்றார் பாய்.

“அரிசி களையணும்” என்றேன். அரிசி ஏற்கெனவே உலையில் இருந்தது.

நவம்பர் 27, திங்கள்

பாயின் மகளுக்குக் காரைக்காலில் பிரசவம். ஒரு மாதம் வர மாட்டார். “நீங்க மாமியாரா பண்ணுங்க மேடம்” என்கிறாள் ஜெசிந்தா. “நிறுத்துனா வந்ததும் போயிரும். முதல் மூணு நாலு மாசத்துல வர்றதுதான் அதிகமா வரும்.”

நவம்பர் 28, செவ்வாய்

நான் செய்ய மாட்டேன்.

நவம்பர் 30, வியாழன்

செய்தேன்.

முதலில் சன்னல்களைச் சாத்தினேன். இவர் எதிரில் உட்கார்ந்து, “எங்கே என் காபி?” என்றேன். இவர் புருவத்தைச் சுளித்தார். இன்னொரு தடவை சொன்னேன். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நான் சொன்னது பிடிக்கவில்லையாம். பெரிய டைரக்டர்.

பிறகுதான் உறைத்தது. நான் செய்தி வாசிக்கும் குரலில் சொல்லியிருக்கிறேன். அப்படி யாரும் மாப்பிள்ளையிடம் காபி கேட்பதில்லை. அதோடு ‘டா’வையும் விட்டுவிட்டேன். கட்டிய நாளிலிருந்து இவரை ‘என்னங்க’ என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. கோபத்தில்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டியிருக்கிறேன்.

“எங்கடா என் காபி?”

குரல் உடைந்து கீச்சென்று வந்தது. இவர் முகம் மலர்ந்ததை இந்தத் தாளில் எழுத வேண்டிய அவசியமில்லை. “நடந்து வருதுங்க” என்றார், ‘ங்க’ போட்டு. மரியாதையெல்லாம் இடம் மாறிப்போய்விட்டது.

எதிர்வீட்டு அம்மாள் சாயந்திரம் வந்து, “யாரோ சண்டை போடற மாதிரி கேட்டுச்சேக்கா” என்றாள். டிவி என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

மாமியாரின் குரல் சரியாக வரவேண்டுமே என்று படத்தை முழுக்கப் போனில் பார்த்துத் தொலைத்தேன். அதற்காகத்தான்.

இதைப் படம் என்று சொன்னால் மற்ற படங்கள் கோபித்துக்கொள்ளும். மைக்கின் நிழல் சுவரில் ஆடுகிறது. மாமியாரின் டோப்பா ஒரு காட்சியில் காதுவரை இறங்கிவிடுகிறது. காபி எவர்சில்வர் டம்ளரில் புறப்பட்டுக் கண்ணாடிக் கோப்பையில் வந்து சேருகிறது. பணக்கார வீட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒரே கூடம். சுவரில் ஒரு தொப்பியை மாட்டினால் ஸ்டேஷன். குண்டூசியாக நடித்தவனுக்கு முகத்தில் ஒரே ஒரு பாவம்தான் இருக்கிறது. ஈ உட்கார்ந்தாலும் அதுதான், இழவு விழுந்தாலும் அதுதான்.

“மெதுவா திட்டுங்க மாமியாரே, மாவு புளிச்சிரும்” என்கிற இடம் மட்டும் பரவாயில்லை. எழுதியவனுக்குக் கொஞ்சம் காது இருந்திருக்கிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும்.

டிசம்பர் 9, சனி

மருந்து வாங்கினேன். இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார். தடியை ஊன்றிக் கொல்லை வரை நடந்தார்.

கீரைக்காரி தாமதமாக வந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, “நடந்து வரேன்ல” என்றாள். அவள் நிஜமாகவே நடந்துதான் வருகிறாள். ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தொற்று எனக்கும் வந்துவிட்டது என்றால் வெட்கக்கேடு.

டிசம்பர் 16, சனி

பல் தேய்க்கும்போது ‘ஆமா’வும் ‘இல்ல’யும் வந்தன. ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார். வெந்நீர் போதுமா என்றால் ‘இல்ல’ என்று சொல்லிக்கொண்டே சொம்பைத் தள்ளுகிறார். இந்த ஆமாவையும் இல்லையையும் நம்பி நான் எதைப் போய்ச் சொல்வது?

வசனம் என்றால் மட்டும் தடங்கல் இல்லை. ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தபடி முதல் எழுத்தை நான் வாயால் காட்டினால் மீதியைப் பிடித்துக்கொள்கிறார்.

டிசம்பர் 24, ஞாயிறு

மகளின் வேலை இது. வருடா வருடம் டிசம்பர் கடைசியில் இங்கே ஒரு பழைய தியேட்டரில் இந்தப் படத்தைப் போடுவார்களாம். திருவிழா மாதிரி கூட்டமாம். அப்பா ஒரு வருடமும் விட்டதில்லையாம். எனக்கு அது தெரியாது. சரக்கு எடுக்க மதுரைக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சினிமாவுக்குக் கள்ளத்தனமாகப் போன புருஷன்.

சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனோம். வாசலிலேயே வயிறு எரிந்தது. மீசை வைத்த பையன்கள் நைலக்ஸ் புடவை கட்டி, டோப்பா மாட்டி, பத்து மாமியார்களாக நிற்கிறார்கள். டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். என்னோடு வானொலியில் வேலை பார்த்த, இலக்கியக் கூட்டம் தவிர வேறெங்கும் தலைகாட்டாத ஒருத்தர் என்னைப் பார்த்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போனார். நானும் எதிர்த்தூணுக்குப் பின்னால் போனேன்.

விளக்கு அணைந்ததும்தான் விஷயம் தெரிந்தது. படத்தை ஒருத்தரும் கேட்கவில்லை. திரையில் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் முழுவதும் வசனத்தைச் சொல்லிவிடுகிறது. மைக்கின் நிழல் வந்தால் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். டோப்பா இறங்கும் இடத்தில் “ஏத்துங்க ஏத்துங்க” என்று கத்துகிறார்கள். நல்ல படமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். இது எவ்வளவு ஓட்டையோ அவ்வளவு இடம் இருக்கிறது, எல்லோரும் உள்ளே புகுந்துகொள்ள. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தப்பாகச் சொன்னாலும் பக்கத்துக் குரல் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

இவர் பேசினார். முதல் காட்சியிலிருந்து கடைசி வரைக்கும். அந்த இருட்டில் அத்தனை பேரோடு இவர் குரலும் ஒன்று. யாருக்கும் தெரியாது, இந்த மனிதருக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது என்று. கைப்பையில் கைக்குட்டையைத் தேடினேன். அதற்கு அந்தப் படம் காரணமில்லை.

கடைசிக் காட்சிதான் அவர்களுக்கு உச்சம். மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “வாடகை முடிஞ்சிருச்சு மாப்ளே, நான் கெளம்பறேன்” என்பாள். அழுவான் என்று பார்த்தால் குண்டூசி கையை நீட்டி, “சாவிய வச்சிட்டுப் போங்க” என்பான். உடனே அத்தனை பேரும் வீட்டுச் சாவி, வண்டிச் சாவியை எடுத்து ஆட்டுகிறார்கள். காது கிழிகிறது. புறப்படுகிறவர்களிடம் நம்மூரில் ‘போங்க’ என்று சொல்வார்களா? எதிரியாக இருந்தாலும் வாசல் வரை வந்து ‘போயிட்டு வாங்க’ என்பதுதான் முறை. அந்த முறைகேட்டுக்குத்தான் இத்தனை ஆட்டம். மாமியார் பெட்டி மேல் உட்கார்ந்து ஊளையிடுவதோடு படம் முடிகிறது.

மகள் என் கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். இவர் இடது கையால் ஆட்டினார்.

ஜனவரி 3, புதன்

திருவானைக்கா வீட்டுக்காரர் வைத்தீஸ்வரன் போன் செய்தார். “மார்கழி முடியப் போறது. தை பொறந்ததும் வந்துடுவேள்னு காத்துண்டிருக்கேன். இல்லேன்னா வேற ஆள் கேக்கறா. அவசரமில்லை, ஆனா ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ.”

ஒரு வார்த்தை. அதற்குத்தான் இந்த வீட்டில் பஞ்சம்.

சமையலுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். இவரும் தடியோடு நடக்கிறார். நான் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஜனவரி 7, ஞாயிறு

மகள் வந்திருந்ததால் இவரை அவளிடம் விட்டுவிட்டு வீட்டைப் பார்க்கப் போனேன்.

மாடிக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். நான் பார்த்தபோது இருந்த பழைய கறுப்புச் சுவிட்சுகள் இல்லை. எல்லாம் புதுசு. ஒயர் புதுசு. மின்விசிறி புதுசு. சன்னலோரம், மேசை போட்டால் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு பிளக் பாயிண்ட். ரேடியோவுக்கு. எங்கள் வீட்டில் சன்னலோரம் அப்படி ஒன்று வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எலக்ட்ரிகல் கடைக்காரர் பெண்டாட்டிக்குக் கிடைத்த பதில் ‘நடந்து வருது’ என்பதுதான்.

“நீங்களா மாத்தினீங்க?” என்று வைத்தீஸ்வரனைக் கேட்டேன்.

“நான் எங்கே. உங்காத்துக்காரர்தான். டியூப் லைட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். இந்த மாதிரி ரேடியோல இருந்த ஒருத்தர் குடி வரப்போறதா பேச்சுவாக்குல சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல அவர். மறுநாள் ஆள் கூட்டிண்டு வந்து நின்னுட்டார். பழைய ஒயர், ஷாக் அடிக்கும்னார். காசு வாங்கிக்கல. அது என் சம்சாரம்தான், அவகிட்ட சொல்லாதீங்க, அவளே சொல்றப்ப சொல்லட்டும்னார். அதுக்கப்புறம் ஒரு வாரத்துல அவருக்கு இப்படி ஆயிடுத்துன்னு கேள்விப்பட்டேன்.”

பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்தது ஆத்திரம்தான். தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அந்த வாரம் முழுக்க என் எதிரில் உட்கார்ந்து, அதே வசனத்தைச் சொல்லி, அதே சிரிப்புச் சிரித்து, தோசை இன்னொன்று கேட்டுச் சாப்பிட்டிருக்கிறார். ஏன் போகிறாய் என்று கேட்டிருக்கலாம். போ என்றாவது சொல்லியிருக்கலாம். நல்ல பேச்சு இருந்தபோது பேசாத மனிதருக்கு நான் இப்போது பேச்சு வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் காபி போடப் போய்விட்டேன்.

ஜனவரி 10, புதன்

மூன்று நாளாக வசனப் பயிற்சி செய்யவில்லை. இவர் தடியால் நாற்காலியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறார். ஜெசிந்தா திட்டுகிறாள்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. விடியும் முன்பே தெருவில் பழைய பாயையும் துணியையும் கொளுத்தி ஒரே புகை. இவருக்கு இருமல் வந்து சன்னல்களைச் சாத்தினேன்.

நாளை தை பிறக்கிறது. வைத்தீஸ்வரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்கு ஜெசிந்தா வந்தாள். கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம் என்றாள். மற்றதெல்லாம் இவருக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டதாம். நான் கூடத்தின் நடுவில் நின்றேன். பெட்டிக்குப் பதில் காய்கறிப் பையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் எனக்கு இது தேவை.

“வாடகை முடிஞ்சிருச்சு மாப்ளே” என்றேன், மூக்கால். இவர் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வரியில் மூக்கு வரவில்லை. என் சொந்தக் குரலில்தான் வந்தது. “நான் கெளம்பறேன்.”

சொல்லிவிட்டேன். இத்தனை நாளாக எப்படிச் சொல்வது என்று இழுத்துக்கொண்டிருந்ததை, ஒரு இட்லிக்கடைக்காரியின் வசனத்தில், காய்கறிப் பையோடு நின்று சொல்லிவிட்டேன். இவருக்கும் அது புரிந்துவிட்டது என்று தெரிந்தது. சிரிப்பு இல்லை. கையை நீட்டவும் இல்லை.

ஜெசிந்தா, “சா…” என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“சாவிய…” என்றார். நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. “சாவிய… வச்சுக்க.”

“வச்சுக்க இல்லீங்க” என்றேன். “வச்சிட்டு. சாவிய வச்சிட்டுப் போங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்க. வ…”

“வச்சுக்க.”

“அப்படிச் சொன்னா அர்த்தமே மாறிடுதுங்க. வச்சிட்டுன்னா இங்கயே விட்டுட்டுப் போறது. வச்சுக்கன்னா கையிலயே…”

பாதியில் என் வாய் நின்றுவிட்டது. ஜெசிந்தா நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் இவர் ஒரு தடவைகூட ‘ங்க’ இல்லாமல் பேசியதில்லை. ‘வச்சுக்க’ என்று ஒருமையில் இவர் சொல்வது இந்த வீட்டில் ஒருத்தியிடம்தான்.

இவர் இடது கையால் தடியை ஊன்றி எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தார்.

“வச்சுக்க. போயி… ட்டு… வா.”

இந்த வசனம் அந்தப் படத்தில் இல்லை. எந்தக் காட்சியிலும் இல்லை. முதலிலிருந்து கடைசி வரை எனக்கு அது அத்துப்படி.

அடுத்துப் பேச வேண்டியது நான். எழுதிக் கொடுத்த ஒரு எழுத்தைக்கூட விடாமல் வாசித்தவள். பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து காட்டி, எனக்கு முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தார்.

“ச…”

“சரி” என்றேன்.